சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள நாலரை வயது மகன்: சோற்றில் நெய்யை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: தண்டையார்பேட்டைத் தந்தை

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறோம். என் மகனுக்கு நாலரை வயது ஆகிறது. எடை பன்னிரண்டரை கிலோதான். பிறந்ததிலிருந்தே அவன் தேறவில்லை. பசி என்றால் அப்படி ஒரு பசி. ஆனால் உண்டதெல்லாம் எங்கே போகிறது என்று தெரியாத வண்ணம் வயிறு மட்டும் உப்பியும் கைகால்கள் குச்சியாகவும் இருந்தான். சவலைப் பிள்ளை என்றார்கள். தொக்கம் விழுந்திருக்கிறது என்று இரண்டு முறை தொக்கம் எடுக்கவும் அழைத்துச் சென்றார்கள். இருமலும் ஓயாததால், ஒரு மருத்துவமனையில் காசநோயாக இருக்கக்கூடும் என்று கருதி ஆறு மாதம் அதற்கான மருந்தைக் கொடுத்தார்கள். அவனுக்கு மூன்று வயது நடக்கும்போதுதான் வேறொரு குழந்தை மருத்துவர் என் மனைவியிடம், "பிள்ளையை முத்தமிடும்போது உப்புக் கரிக்கிறதா?" என்று கேட்டார். கரிக்கும் என்று அவள் சொன்னாள். வியர்க்கும் ஊர்தானே என்று அதுவரை நாங்கள் அதைப் பொருட்படுத்தியதில்லை. வியர்வைப் பரிசோதனையில் குளோரைடு 98 என்று வந்தது. 60 அல்லது அதற்கு மேல் இருந்தாலே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்தான், அதாவது சுரப்புகள் பசை போலாகிக் கணையத்தையும் நுரையீரலையும் அடைக்கும் பிறவி நோய்தான் என்று விளக்கினார்கள்.

அன்றிலிருந்து, உணவைச் செரிக்க வைக்கும் கணைய நொதி அடங்கிய 10,000 யூனிட் கேப்சூல் மாத்திரையை வேளைக்கு ஒன்றாக மூன்று வேளையும் கொடுத்து வருகிறோம். முழுதாக விழுங்கத் தெரியாததால் மாத்திரையைத் திறந்து, உள்ளே இருக்கும் சிறு மணிகளைச் சூடான ரசம் சாதத்தில் பிசைந்து ஊட்டுகிறோம். காலையில் இரண்டு தோசை, தேங்காய்ச் சட்னி, ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் ஒரு சிறிய டம்ளர். மதியம் நெய் ஊற்றிப் பருப்புச் சாதம் அல்லது ரசம் சாதம், முட்டை. மாலையில் மறுபடியும் பால். இரவில் இட்லி அல்லது சப்பாத்தி. மாலைப் பால் உணவில் சேராது என்பதால் அதற்கு மாத்திரை கொடுப்பதில்லை. முன்பைவிட நிலைமை பரவாயில்லை என்றாலும், இன்னமும் நாளைக்கு நான்கு ஐந்து முறை மலம் போகிறான். அது வெளிறி, எண்ணெய் மிதந்து, கழுவினாலும் பீங்கானில் ஒட்டிக்கொண்டு, வீடு முழுவதும் நாறுகிறது.

இதைப் பார்த்துவிட்டு என் மாமியார், "இந்தப் பிள்ளைக்கு எண்ணெயும் நெய்யும் ஒத்துக்கொள்ளவில்லை, இட்லியும் ரசமும் கஞ்சியும் மட்டும் கொடுங்கள்" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் தோன்றுகிறது. கொழுப்பைக் குறைத்தால் வயிறு அடங்குமா? கோடை பற்றியும் ஒரு கேள்வி உண்டு. போன கத்திரி வெயிலில் இரண்டு நாள் வாந்தி எடுத்துத் துவண்டு விழுந்தான். இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்துவிட்டன என்று நான்கு நாள் மருத்துவமனையில் வைத்து நீரேற்றினார்கள். அந்த நிலை மறுபடியும் வராமலிருக்க வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

பதில் 1: பெரம்பூர் அம்மா

தம்பி, நெய்யை நிறுத்தாதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். என் மகனுக்கு இப்போது பதினான்கு வயது. அவனுக்கு மூன்று வயதாக இருந்தபோது, உங்கள் மாமியார் சொல்வதை எங்கள் வீட்டில் நானே சொன்னேன். சொன்னதோடு நில்லாமல் எட்டு மாதம் செய்தும் காட்டினேன். மலம் ஓரளவு கட்டியது உண்மைதான். ஆனால் அந்த எட்டு மாதத்தில் அவன் எடை கால் கிலோகூட ஏறவில்லை; மூன்று முறை நெஞ்சுச் சளிக்காக மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. நான் அடக்கியது மலத்தை. பட்டினி கிடந்தது பிள்ளை.

மலத்தில் எண்ணெய் மிதப்பதற்குப் பொருள், தின்ற கொழுப்பு அதிகம் என்பதன்று. தின்ற கொழுப்பைப் பிரிக்கப் போதிய நொதி, போக வேண்டிய நேரத்தில், போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பதே அதன் பொருள். ஆகவே தட்டைக் குறைப்பதற்கு முன் மாத்திரையைக் கவனிக்க வேண்டும்.

நீங்கள் எழுதியிருக்கும் காலை உணவையே கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டு தோசைக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய் என்றால் ஏறக்குறைய 10 கிராம் கொழுப்பு. சட்னியில் உள்ள தேங்காயில் 5 கிராம். ஆரஞ்சு பாக்கெட் பாலில் கொழுப்பு 6 சதவீதம் என்பதால் 150 மில்லியில் 9 கிராம். மொத்தம் 24 கிராம். ஒரு கிராம் கொழுப்புக்கு 500 முதல் 4,000 லைபேஸ் (கொழுப்பைப் பிரிக்கும் நொதி) யூனிட் வரை என்பது மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கு. நீங்கள் கொடுக்கும் 10,000 யூனிட்டை 24-ஆல் வகுத்தால் 417 வருகிறது; அதாவது கீழ் எல்லையைக்கூட எட்டவில்லை. இரவில் இரண்டு இட்லியைச் சாம்பாரில் தொட்டுத் தின்னும்போது அதே ஒரு மாத்திரை தாராளமாகப் போதும். வேளைக்கு ஒன்று என்று எழுதிக் கொடுப்பது தொடக்கத்துக்குச் சரி; ஆனால் மாத்திரை பின்தொடர வேண்டியது கடிகாரத்தை அன்று, தட்டில் இருக்கும் கொழுப்பை. இட்லிக்கு ஒன்று என்றால், பூரிக்கும் உருளைக்கிழங்குக்கும் எத்தனை என்பதை மருத்துவரிடம் கேட்டு முன்பே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இதைப் படித்த கையோடு நீங்களாகவே இரட்டிப்பாக்கிவிட வேண்டாம். இதற்கு மேல் எல்லையும் உண்டு: ஒரு வேளைக்குக் கிலோ எடைக்கு 2,500 யூனிட், ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 10,000 யூனிட். உங்கள் மகனின் எடைக்கு வேளைக்கு ஏறத்தாழ 31,000, நாளுக்கு 1,25,000 என்று ஆகிறது. நீங்கள் இப்போது கொடுப்பது நாளுக்கு 30,000 மட்டுமே என்பதால் ஏற்றுவதற்கு நிறைய இடம் இருக்கிறது. ஒரு வாரம் அவன் தின்றதையும், மாத்திரை எண்ணிக்கையையும், மலத்தின் தன்மையையும் ஒரு நோட்டில் எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லாமல் நோட்டையே நீட்டுங்கள். என் அனுபவத்தில் அந்த நோட்டுக்குக் கிடைக்கும் மரியாதை நமக்குக் கிடைப்பதில்லை.

அடுத்தது சூடான ரசம் சாதம். உங்கள் வீட்டில் மாத்திரை பாதி வீணாவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அந்தச் சிறு மணிகளின் மேல் ஒரு பூச்சு இருக்கிறது. இரைப்பையின் அமிலம் நொதியைக் கெடுத்துவிடாமல் காப்பதற்காகவும், சிறுகுடலுக்குப் போன பிறகே கரைவதற்காகவும் போட்ட பூச்சு அது. சூடு பட்டாலோ, மென்றாலோ, நசுக்கினாலோ, பாலைப் போன்ற புளிப்பற்ற பொருளில் ஊறினாலோ அந்தப் பூச்சு போய்விடும். நானும் ஆரம்பத்தில் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு அம்மியில் பொடித்துத் தேனில் குழைத்து ஊட்டினேன். நான்கே நாளில் பிள்ளையின் ஈறும் நாக்கும் வெந்து புண்ணாகிவிட்டன. நொதிக்கு நம் சதையும் ஒரு உணவுதானே. இப்போது நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஆப்பிளை வேகவைத்து மசித்து ஆறவைத்ததையோ மசித்த வாழைப்பழத்தையோ ஒரே ஒரு தேக்கரண்டி எடுத்து, மணிகளை அதன் மேல் தூவி, உடனே விழுங்கச் செய்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, ஈறிலும் கன்னத்திலும் மணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு ரசம் சாதம் எவ்வளவு சூடாக வேண்டுமானாலும் இருக்கட்டும். ஐந்து வயதுக்குள் முழுதாக விழுங்கப் பழக்கிவிடலாம். என் மகனைச் சீரக மிட்டாயில் தொடங்கிப் படிப்படியாகப் பழக்கினேன்.

மாத்திரையை உணவின் தொடக்கத்தில் கொடுக்க வேண்டும். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் எங்கே பத்து நிமிடத்தில் சாப்பிடுகிறார்கள்? மொட்டை மாடியில் காக்கையைக் காட்டி, ரயிலைக் காட்டி, ஒரு கிண்ணம் சோறு ஊட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. அப்படியானால் பாதியை முதலிலும் மீதியை நடுவிலும் கொடுங்கள். எல்லாம் தின்று முடித்த பிறகு நினைவு வந்து கொடுப்பதால் பெரிய பயன் இல்லை.

மாலைப் பாலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஆரஞ்சு பாக்கெட் பால் 200 மில்லியில் 12 கிராம் கொழுப்பு இருக்கிறது. பச்சை பாக்கெட்டில் 4.5 சதவீதம், நீலத்தில் 3 சதவீதம். எந்த நிறமானாலும் பால் உணவுதான்; அதற்கும் மாத்திரை வேண்டும். வேர்க்கடலை உருண்டை, பஜ்ஜி, கேக், ஐஸ்கிரீம் எல்லாவற்றுக்கும் வேண்டும். பழம், சர்க்கரைத் தண்ணீர், கற்கண்டு, பால் சேராத தேநீர் ஆகியவற்றுக்கு வேண்டாம். அங்கன்வாடியிலோ பள்ளியிலோ முட்டை கொடுக்கிறார்கள் என்றால் ஆசிரியையிடம் முன்பே பேசி, மாத்திரையையும் மசித்த பழத்தையும் கொடுத்தனுப்புங்கள்.

இன்னொன்று: மாத்திரை டப்பாவை அடுப்படி அலமாரியில் வைக்காதீர்கள். நம் பகுதியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுகள் மே மாதத்தில் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெப்பத்தில் நொதி மெல்ல மெல்லச் செத்துவிடும். பார்வைக்கு ஒரு மாற்றமும் தெரியாது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையையும் காலாவதி தேதியையும் பார்த்து வாங்குங்கள்.

பதில் 2: ராயபுரம், வயது 27

ஐயா, எனக்கே இந்த நோய் இருக்கிறது. பெரம்பூர் அம்மா கணக்கை முழுமையாகச் சொல்லிவிட்டார்கள். பெரியவனாக வளர்ந்த பிறகு உணவு விஷயத்தில் என்ன வரும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பத்தொன்பதாவது வயதில் எனக்குச் சர்க்கரை நோய் வந்தது. கணையம் தழும்பேறிச் சுருங்கும்போது இன்சுலின் சுரக்கும் செல்களும் சேதமடைவதால், இந்த நோய் உள்ள பெரியவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு இது வருகிறது. பத்து வயது முதல் ஆண்டுதோறும் குளுக்கோஸ் குடிக்க வைத்துப் பரிசோதிக்கச் சொல்வது அதனால்தான். எனக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் உறவினர்கள் அனைவரும் சோற்றைக் குறை, நெய்யைத் தொடாதே, கேழ்வரகுக் கூழ் குடி என்று தொடங்கிவிட்டார்கள். அவையெல்லாம் உடல் பருத்தவர்களுக்கு வரும் சர்க்கரைக்கு உரிய அறிவுரைகள். எங்களுக்கு உணவைக் குறைக்கக் கூடாது. உணவை அப்படியே வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற இன்சுலினைப் போட வேண்டும். உங்கள் மகனுக்கு இது வருமா என்பது தெரியாது. வந்தால் அன்றைக்கும் யாரோ ஒருவர் நெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைக்க வருவார் என்பது மட்டும் தெரியும்.

இரண்டாவது, குடல் அடைப்பு. ஒரு திருமண வீட்டில் கூச்சப்பட்டு மாத்திரை போடாமல் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, கோடை வெயிலில் தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் சுற்றினேன். மூன்றாம் நாள் வலது அடிவயிற்றில் கெட்டியாக ஒரு உருண்டை தட்டுப்பட்டது. வலி விட்டு விட்டு வந்து, பிறகு பச்சையாக வாந்தி எடுத்தேன். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் பிசுபிசுப்பான கழிவு இறுகி அடைத்துக்கொள்வது எங்களைப் போன்றவர்களுக்கு உரிய தொல்லை. வீட்டில் விளக்கெண்ணெயை ஊற்றப் பார்த்தார்கள். நல்ல வேளையாக அக்கா தடுத்து ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே குடலைக் கழுவும் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலைக் கொடுத்தே அடைப்பை நீக்கிவிட்டார்கள். கத்தி வைக்க நேரவில்லை. உங்கள் மகன் நாளைக்கு ஐந்து முறை போகிறவன் என்பதால் மலச்சிக்கல் வராது என்று இருந்துவிடாதீர்கள். வழக்கமாகப் போகிறவன் திடீரென்று போகாமல், வயிறு உப்பி, பச்சை வாந்தியும் எடுத்தால் அது அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம்.

சாப்பாட்டைக் கண்டு அஞ்சும் பிள்ளையாக அவனை வளர்த்துவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நான் பாரிமுனையில் அத்தோ, பேஜோ என்ற பர்மிய உணவுகளைச் சாப்பிடுகிறவன். அத்தோவில் ஊற்றும் எண்ணெய்க்கு எனக்கு எத்தனை மாத்திரை என்பது அந்தக் கடைக்காரருக்கே தெரியும்.

பதில் 3: திருவொற்றியூர், ஓய்வு பெற்ற உணவியல் ஆலோசகர்

மேலே இருவரும் அனுபவத்திலிருந்து சொன்னதற்குப் பின்னால் உள்ள காரணத்தையும் வரலாற்றையும் சற்றுச் சொல்ல விரும்புகிறேன். மாமியாரிடம் எடுத்துச் சொல்ல அது உதவக்கூடும்.

சி.எஃப்.டி.ஆர். என்ற மரபணுவில் ஏற்படும் பிழையே இந்த நோய்க்குக் காரணம் என்பது 1989-இல் கண்டறியப்பட்டது. செல்களின் சுவரில் குளோரைடும் பைகார்பனேட்டும் வெளியேறும் வாசலை அமைக்கும் மரபணு அது. வாசல் அடைபட்டால், வெளியே வரும் சுரப்பு நீர்த்தன்மை இழந்து பசை போலாகிவிடுகிறது. கணையத்தின் நுண்ணிய குழாய்கள் அந்தப் பசையால் அடைபடுவதால், உணவைச் செரிக்க வேண்டிய நொதிகள் குடலுக்கு வராமல் உள்ளேயே தேங்கிக் கணையத்தையே அரித்துத் தழும்பாக்கிவிடுகின்றன. 1938-இல் டாரத்தி ஆண்டர்சன் என்ற பெண் மருத்துவர் இந்த நோயைத் தனியாக இனங்கண்டு விவரித்தபோது கணையத்தில் கண்ட நீர்க்கட்டிகளையும் (சிஸ்ட்) தழும்பையும் (ஃபைப்ரோசிஸ்) வைத்தே பெயரும் அமைந்தது. நுரையீரல் அந்தப் பெயரில் இல்லை. நோயாளிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்குக் கணைய நொதி போதாமல் போகிறது. மலத்தில் எலாஸ்டேஸ் என்ற நொதியை அளந்து, கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று கொள்கிறார்கள்.

உங்கள் மாமியார் சொன்னதைத்தான் உலக மருத்துவமும் பல ஆண்டுகள் சொல்லி வந்தது. கொழுப்பு செரிக்கவில்லை, ஆகவே கொழுப்பை விலக்கு என்பதே அன்றைய பத்தியம். கனடாவின் டொரான்டோவில் டக்ளஸ் குரோசியர் என்ற மருத்துவர் அதற்கு மாறாக, பிள்ளைகளைக் கொழுப்போடு வயிறார உண்ணச் செய்து நொதியை உயர்த்திக் கொடுத்து, அதை 1974-இல் எழுதினார். 1988-இல் டொரான்டோ நோயாளிகளையும் பத்தியம் காத்த பாஸ்டன் நோயாளிகளையும் ஒப்பிட்டு ஒரு ஆய்வு வெளிவந்தது. நுரையீரலின் திறன் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் டொரான்டோ நோயாளிகள் உயரமாகவும், அவர்களில் ஆண்கள் எடை கூடியும் இருந்தார்கள். அவர்களின் இடைநிலை ஆயுள் 30 ஆண்டு, பாஸ்டனில் 21. அதன் பிறகுதான் பத்தியம் கைவிடப்பட்டது. ஆகையால் மாமியாரைக் குறை சொல்லாதீர்கள். பாஸ்டன் மருத்துவர்களும் அவரும் ஒரே இடத்தில்தான் தவறினார்கள். இன்றைக்கு இந்தப் பிள்ளைகளுக்கு, அதே வயதுப் பிள்ளைகளுக்கு வேண்டியதைவிடப் பத்து சதவீதம் கூடுதலாகவும், தேவைப்பட்டால் இரு மடங்கு வரையும் ஆற்றல் தரச் சொல்கிறார்கள். இட்லியையும் கஞ்சியையும் மட்டும் வைத்துக்கொண்டு அந்த அளவை எட்ட ஒரு சிறு வயிற்றில் இடம் போதாது. இட்லிப் பொடியில் நல்லெண்ணெய், பருப்பில் நெய், கஞ்சியில் வேர்க்கடலை மாவு என்று அளவைக் கூட்டாமல் ஆற்றலைக் கூட்டுவதே வழி. காசிமேட்டில் மலிவாகக் கிடைக்கும் மத்தி மீனில் கொழுப்பும் புரதமும் ஒருங்கே இருக்கின்றன.

நொதியை உயர்த்திய பிறகும் மலம் சரியாகவில்லை என்றால் மேலும் மேலும் உயர்த்துவது வழியன்று. மிக அதிக அளவில் நொதி உட்கொண்ட சில பிள்ளைகளுக்குப் பெருங்குடல் தழும்பேறிக் குறுகிப்போனதை 1994-இல் கண்டறிந்த பிறகே, மேலே சொன்ன 10,000 என்ற உச்ச வரம்பு வந்தது. கணையத்திலிருந்து பைகார்பனேட் வராததால் சிறுகுடலின் தொடக்கம் அமிலமாகவே இருக்கும். பூச்சு கரையத் தாமதமாகும். அதற்கு அமிலத்தைக் குறைக்கும் மருந்தை மருத்துவர் சேர்ப்பதுண்டு. குடலில் ஜியார்டியா போன்ற கிருமித் தொற்று இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். கடைகளில் செரிமானத்துக்கென்று விற்கும் இனிப்பு மருந்துகளும் ஓம வாட்டரும் இந்த மாத்திரைக்கு மாற்று ஆகா.

கொழுப்போடு சேர்ந்தே உடலில் ஏறும் ஏ, டி, இ, கே ஆகிய நான்கு வைட்டமின்களும் இவர்களுக்குக் குறையும். மாலையில் கண் மங்குவது, காரணமின்றிக் கன்றிப்போவது ஆகியவை தோன்றும் வரை காத்திராமல், தனியாக அவற்றைக் கொடுத்து ஆண்டுக்கு ஒரு முறை இரத்தத்தில் அளந்து பார்க்க வேண்டும். உங்கள் பதிவில் வைட்டமின் பற்றி ஒரு சொல்லும் இல்லாததால் குறிப்பாகக் கேட்கச் சொல்கிறேன். வைட்டமின் மருந்தையும் கொழுப்புள்ள உணவோடும் நொதியோடும் சேர்த்துக் கொடுத்தால்தான் உடலில் சேரும்.

இனி உப்பு. 1948-இல் நியூயார்க்கில் அடித்த கடும் வெப்பத்தில் சுருண்டு விழுந்து மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் பலருக்கு இந்த நோய் இருந்தது. அந்தத் தடயத்தைத் தொடர்ந்து போன பால் டி சான்ட்'அக்னீஸ் என்ற மருத்துவர், வியர்வையில் உப்பு மிகுதியாக வெளியேறுவதை 1953-இல் நிறுவினார். உங்கள் மகனுக்குச் செய்த வியர்வைப் பரிசோதனையின் வேர் அதுதான். நியூயார்க்கில் சில நாள் வந்த வெப்பம் நமக்கு எண்ணூர் முதல் பாரிமுனை வரை மார்ச்சில் தொடங்கி மாதக்கணக்கில் நீடிக்கிறது. அமெரிக்க நெறிமுறைகள் கைக்குழந்தைக்கே நாளொன்றுக்கு எட்டில் ஒரு தேக்கரண்டியும், ஆறு மாதத்துக்குப் பிறகு கால் தேக்கரண்டியும் உப்பைக் கூடுதலாகக் கொடுக்கச் சொல்கின்றன. நாலரை வயதுப் பிள்ளைக்குச் சென்னைக் கோடையில் எவ்வளவு என்பதை எடையையும் இரத்தப் பரிசோதனையையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். கோடை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். மோரில் உப்பு, கஞ்சியில் உப்பு, ஊறுகாய், கருவாடு என்று அவன் கேட்டால் தடுக்காதீர்கள். வெயில் நேரத்துக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. இந்தப் பிள்ளைகளுக்கு உப்புக்குப் பதிலாக அது நிற்காது. வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் கொடுப்பதும் சோடியத்தை மேலும் தாழ்த்தும். பசி குறைந்து, சோர்ந்து, வாந்தி எடுக்கத் தொடங்கினால் அஜீரணம் என்று ஒரு நாள் பார்ப்போம் என்றிராமல் அன்றே இரத்தத்தில் உப்புகளைப் பார்த்துவிடுங்கள்.

பதில் 4: மண்ணடி

அஸ்ஸலாமு அலைக்கும். என் அக்கா மகளுக்கு இந்த நோய் இருக்கிறது. மாத்திரை பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது என்று பெட்டியில் படித்துவிட்டு அக்கா மூன்று வாரம் கொடுக்காமல் நிறுத்திவிட்டார். பிள்ளை ஒன்றரை கிலோ இளைத்துவிட்டாள். இதைப் படிக்கும் வேறு யாரும் அப்படிச் செய்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டபோது, உயிரைக் காக்க வேறு மருந்து இல்லாத நிலையில் இதற்கு அனுமதி உண்டு என்று தெளிவாகச் சொன்னார். மனத்தில் ஐயம் இருப்பவர்கள் மருந்தை நிறுத்திவிட்டுக் கேட்காமல், கொடுத்துக்கொண்டே கேளுங்கள்.

தண்டையார்பேட்டைத் தந்தை: மூன்று வாரங்களுக்குப் பிறகு

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நோட்டை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, காலைக்கும் மதியத்துக்கும் இரண்டு, இரவுக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று என்று மாற்றி எழுதிக் கொடுத்தார். ஆக மொத்தம் நாளுக்கு ஆறு. சாதத்தில் பிசைவதை நிறுத்திவிட்டு வாழைப்பழத்தில் கொடுக்கிறோம். இப்போது நாளைக்கு இரண்டு முறைதான் போகிறான். எண்ணெய் மிதப்பது பெரும்பாலும் நின்றுவிட்டது. எடை 400 கிராம் ஏறியிருக்கிறது. வைட்டமின் சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார். உப்பின் அளவை இரத்தப் பரிசோதனை வந்ததும் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். மாத்திரைச் செலவு இரட்டிப்பானது கையைக் கடிக்கத்தான் செய்கிறது. அரசு மருத்துவமனை மூலம் பெற முடியுமா என்று எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் விசாரிக்கப் போகிறேன்.

மாமியாரிடம் பாஸ்டன் கதையைச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மதியம் பருப்புச் சாதத்தில் நெய்யை அவரே ஊற்றினார், ஊற்றிவிட்டு, "மாத்திரை கொடுத்தாயிற்றா?" என்று என் மனைவியிடம் கேட்டார்.

பெரம்பூர் அம்மாவிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் இருப்பது எங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை மகனையும் அழைத்துக்கொண்டு வந்தால், உங்கள் மகன் மாத்திரை விழுங்குவதை அவன் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்வான் அல்லவா?

பெரம்பூர் அம்மா

400 கிராம் என்று படித்ததும் என் மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன், தம்பி. ஆனால் பிள்ளையை அழைத்து வராதீர்கள். இந்த நோய் உள்ள இருவர் நேருக்கு நேர் சந்திக்கவே கூடாது. ஒருவர் நுரையீரலில் இருக்கும் சூடோமோனாஸ் போன்ற கிருமி மற்றவருக்குத் தொற்றினால் இருமல் கூடும், பசி போகும், நீங்கள் ஏற்றிய எடை ஒரே மாதத்தில் இறங்கிவிடும். நீங்களும் உங்கள் மனைவியும் மட்டும் வாருங்கள். என் பழைய நோட்டுகளைத் தருகிறேன், எந்தப் பலகாரத்துக்கு எத்தனை கிராம் என்று பதினோரு ஆண்டுக் கணக்கு அதில் இருக்கிறது. மாத்திரை விழுங்குவதை என் மகன் அலைபேசியில் வீடியோ எடுத்து அனுப்புவதாகச் சொல்கிறான். முதலில் சீரக மிட்டாயை வாங்கி வையுங்கள். சிறிய அளவே போதும்.